வெட்டச் சொன்ன நாகலிங்கம்



சென்ற திங்கள் பாரிசு மாநகரின் புறநகர்ப் பகுதியிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நமது பங்கில் பிறந்து வளர்ந்து, இப்போது மனைவி மக்களுடன் அங்கே குடியிருப்பவர். புதுவைக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சு நாட்டிலும் ஒரு வீடு உண்டு என்பது நாம் சொல்லித் தெரிய வேண்டியதன்று. நலம் விசாரித்த கையோடு, தம் வீட்டு முற்றத்தில் நிற்கும் மேப்பிள் மரத்தைப் பற்றி அவர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். கனடா நாட்டார் 1965-ஆம் ஆண்டு முதல் தங்கள் கொடியில் பொறித்திருக்கிறார்களே, அந்த இலைக்குரிய இனம் இது. அந்த இனத்தில் ஜப்பானியர் அழகுக்கென்றே பேணி வளர்க்கும் சிறிய வகை ஒன்று உண்டு. இலை, விரல் விரித்த குழந்தைக் கை போலிருக்கும். அதுதான் இவர் வீட்டில் நிற்பது. இரண்டு கோடையாக இலையோரம் தீப்பட்டது போல் கருகுகிறதாம். மேற்கிளைகள் சில தளிர்க்கவே இல்லையாம். "நம் கோயில் நாகலிங்கத்தைத் தாங்கள் பிழைக்க வைத்ததாக அம்மா சொன்னார்கள், சாமி. இதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்" என்று முடித்திருந்தார்.

நாம் பிழைக்க வைத்தோம் என்பது பாதி உண்மை. அதைச் சாகக் கிடத்தியவரும் நாமே என்பதை அவருடைய தாயார் சொல்லாமல் விட்டது பெருந்தன்மை. ஆகவே அவருக்கு எழுதும் மறுமொழியை இவ்விதழின் வழியாகவே எழுதிவிடலாம் என்று எண்ணுகிறோம். பாகூர், வில்லியனூர்ப் பக்கத்து ஊர்களில் எத்தனையோ வீட்டு வாசல்களிலும் பள்ளி வளாகங்களிலும் இதே குறையோடு மரங்கள் நிற்கின்றன.

நாகலிங்கப் பூவைக் காணாத புதுவையார் இரார். 2007-ஆம் ஆண்டில் நமது மாநிலத்தின் மலர் என்று அறிவிக்கப்பட்ட பூ அது. மரமோ இந்த மண்ணுக்கு உரியதன்று; தென் அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளே அதன் தாயகம். பிரெஞ்சுக் கயானாவில் தாவரங்களை ஆராய்ந்த ஓபிளே என்ற பிரெஞ்சு அறிஞர் 1775-இல் வெளியிட்ட நூலில் அதற்கு இன்று வழங்கும் அறிவியற் பெயரைச் சூட்டினார். கிளை நுனியில் பூக்காமல், அடிமரத்திலிருந்தே கயிறு போல் தொங்கும் காம்புகளில் பூப்பது இதன் இயல்பு. நம் இந்து அன்பர்கள் அப்பூவில் படமெடுத்த நாகத்தையும் அதன் கீழ் இலிங்கத்தையும் கண்டு போற்றுகிறார்கள். நமது முற்றத்து மரத்தின் பூவைக் கேட்டு அண்டை ஊர்ச் சிவன் கோயிலுக்கு ஆள் வருவதும், நாம் பறித்துக் கொடுப்பதும் நெடுநாள் வழக்கம்.

இம்மரத்தை நட்டவர் காலஞ்சென்ற ஒரு கோயில்பிள்ளை. 1986-ஆம் ஆண்டு, குருமனை கட்டி முடித்த சமயத்தில், புதுவை நகரிலிருந்து கன்றை மிதிவண்டியின் பின்புறம் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து நட்டாராம். அவர் மறைந்தபின் அவருடைய மனைவியார், ஊரார் எல்லோருக்கும் ஆயா, ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டே வீடு திரும்புவார். அவர் அங்கே என்ன நினைக்கிறார் என்று நாம் கேட்டதில்லை.

இனி நமது பிழைக்கு வருவோம். மழைக்காலத்தில் கோயில் முற்றத்தில் நீர் தேங்குகிறது என்பது பல்லாண்டு முறையீடு. 2022-இல் திருவிழாவுக்கு முன் முற்றத்தை இரண்டடி மண் கொட்டி உயர்த்தினோம். அதன்மேல் சிமெண்டுக் கற்கள், அதாவது எல்லோரும் பேவர் பிளாக் என்கிறார்களே அவற்றை, சுவரோடு சுவர் பதித்தோம். நாகலிங்கத்தைச் சுற்றி உட்காருவதற்கு வட்டமாக ஒரு மேடை கட்டி, அதற்குள்ளும் மரத்தின் இடுப்புவரை மண்ணை நிரப்பினோம். பார்க்க அழகாகவே இருந்தது. பெற்றோர் நினைவாகப் பொருளுதவி செய்த குடும்பங்களின் பெயர்களைக் கல்லில் பொறித்தோம். மந்திரித்துத் தண்ணீர் தெளித்தவரும் நாமே.

அடுத்த ஈராண்டும் மரத்துக்கு ஒன்றும் நேர்ந்ததாகத் தெரியவில்லை. இவ்வகைத் தீங்கில் உள்ள வஞ்சகமே இதுதான். வேரை மூடினால் மரம் மறுநாள் வாடுவதில்லை. தன் சேமிப்பைத் தின்றுகொண்டு இரண்டு, மூன்று, சில வேளைகளில் ஐந்து ஆண்டுகூட நின்றுவிடும். பிறகு எதன்மேலாவது பழி விழும். இங்கே பழி விழுந்தது பெஞ்சல் புயலின்மேல். 2024 நவம்பர் 30 இரவு அப்புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தபோது, ஒரு நாளைக்குள் 45 சென்டிமீட்டருக்கும் மேலான மழை கொட்டியதை நாம் மறக்க முடியாது. அதன்பின் சாத்தனூர் அணையிலிருந்து பெருநீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. நமது முற்றத்தில் வெளியேற வழியின்றிக் கல்லுக்கு அடியில் எத்தனை நாள் நீர் நின்றதோ, கண்டவர் யாருமில்லை.

அடுத்த கோடையில் நாகலிங்கம் இலையுதிர்த்தது. முதலில் நாம் கவலைப்படவில்லை. இம்மரம் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறைகூட இலை முழுவதையும் கொட்டிவிட்டு, ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாளில் புதுத்தளிர் போர்த்திக்கொள்ளும் இயல்புடையது. இது தெரியாமல், பட்டுப்போயிற்று என்று வெட்டப்பட்ட நாகலிங்கங்களும் உண்டு. ஆனால் இம்முறை பத்து நாள் ஒரு திங்களாயிற்று. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறுத்து வெளுத்த தளிர்கள் தோன்றின. உச்சிக் கிளைகள் மொட்டையாகவே நின்றன. ஒரு நாள் காற்றில்லாத மாலையில் முழங்கை நீளக் கொம்பொன்று, மறைக்கல்வி வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்குப் பத்தடி தள்ளி விழுந்தது.

பங்குப்பேரவை கூடியது. வெட்டிவிடலாம் என்பதே பெரும்பான்மைக் கருத்து. அதில் குறை காண இயலாது; பிள்ளைகளின் தலையைவிட மரம் பெரிதன்று. மர வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, விறகு விலைக்குமேல் தருவதற்கில்லை என்று போனார். செய்தி ஆயாவின் காதுக்கும் எட்டியது. ஞாயிறன்று வழக்கம்போல் வந்து உட்கார்ந்தவர், நம்மைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: "பலகை எதுக்காவது ஆவுமா சாமி?"

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலை, வேளாண்மைத் துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற நமது பங்கு அன்பர் ஒருவரை வரவழைத்தோம். அவர் மருந்துச் சீட்டு எழுதுவார் என்று நாம் எதிர்பார்த்திருக்க, அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு சிறு பேனாக்கத்தி. கொம்புகளின் பட்டையை நகக்கண் அளவு சுரண்டிக்கொண்டே வந்தார். பட்டைக்கடியில் பச்சையும் ஈரமும் இருந்தால் அக்கொம்புக்கு உயிர் உண்டு. பழுப்பாய் உலர்ந்திருந்தால் இல்லை. நுனியில் உலர்ந்திருந்த கொம்புகள் பலவும் நான்கடி உள்ளே வந்ததும் பச்சை காட்டின. மேற்குப் பக்கத்துப் பெருங்கிளை ஒன்று மட்டும் அடிவரை செத்திருந்தது. "பாதிக்குமேல் போயிருந்தால் நானே வெட்டச் சொல்லியிருப்பேன், சாமி. இது மூன்றில் ஒரு பங்குதான்" என்றார்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி நம்மைத் திகைக்க வைத்தது: "மரத்தின் பாதம் எங்கே?" எந்த மரமும் மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல் விரிந்து வேராகப் பிரிய வேண்டும். நமது மரமோ தந்திக்கம்பம் போல் நேராக மேடை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பாதம் தெரியவில்லையெனில் மரம் புதைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். வேரும் மூச்சு விடுகிறது என்பதைப் பள்ளியில் படித்தோம், மறந்தோம். நீரையும் உணவையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்றிரண்டு அடிக்குள்தான் பரவி நிற்கிறது; கிளை விரிவுக்கு வெளியேயும் வெகுதூரம் செல்கிறது. அதன்மேல் இரண்டடி களிமண்ணும் சிமெண்டுக் கல்லும் ஏற்றினால் காற்று எப்படிப் புகும்? பாகூர்ப் பகுதியின் களிமண் நெல்லுக்கு வரம். நீரைப் பிடித்தால் எளிதில் விடாது. நெல்லுக்கு நன்மையான அக்குணமே இம்மரத்தின் வேருக்குத் தீமையாயிற்று. புயல் வெள்ளம் கடைசி அடி மட்டுமே.

மற்றொரு குற்றமும் வெளிப்பட்டது. திருவிழாதோறும் சீரியல் விளக்கு கட்டுவதற்காக அடிமரத்தில் சுற்றிய கம்பி ஒன்று பட்டைக்குள் முக்கால் அங்குலம் புதைந்து கிடந்தது. அதற்கு மேலே மரம் வளையல் போட்டாற்போல் புடைத்திருந்தது. இலையில் சமைத்த உணவு பட்டையின் உட்புறத்து வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அந்த வழியைக் கம்பி நெரித்தால், மேலே உணவு தேங்கிப் புடைக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். கரையான் ஏறியிருப்பதைக் காட்டி அதுதான் நோய் என்று சிலர் சாதித்தார்கள். அன்பர் சிரித்தார். செத்த பட்டையைத் தின்ன வந்த கரையானைக் கொலைகாரன் என்பது, இழவு வீட்டுக்கு வந்தவர்கள்மேல் பழி போடுவது போலாகும் என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே நாளில் அவர் கெபிக்குப் பின்னால் நின்ற மே மாதப் பூமரத்தையும் பார்த்தார். அதன் அடியில் விசிறி போலத் தடித்த பழுப்பு நிறக் காளான்கள் இரண்டு நீட்டிக்கொண்டிருந்தன. சுத்தியால் தட்டியபோது பானை போல் ஒலித்தது. தென்னையில் தஞ்சை வாடல் என்று நம் உழவர்கள் அஞ்சும் நோய்க்கும் இவ்வகைக் காளானே காரணம். அடியில் அது வெளியே தலை காட்டும்போது உள்ளே வேர் பெரிதும் அழுகியிருக்கும். அம்மரம் இலையும் பூவுமாய்ச் செழித்தே நின்றது. ஆயினும் வெட்டச் சொன்னார், வெட்டினோம். உள்ளே கை நுழையும் அளவு பொந்து. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரையேறியபோது வேரோடு சாய்ந்த மரங்களை நினைத்துக்கொண்டோம். ஊராருக்கு இது விளங்கவில்லை: செத்தாற்போல் நின்றதைக் காப்பாற்றுகிறார், பூத்து நின்றதை வெட்டுகிறார் என்று நம்மைப் பற்றிச் சில நாள் பேச்சு நடந்தது.

நாகலிங்கத்துக்கு ஓராண்டுத் தவணை கேட்டுப் பேரவையிடம் பெற்றோம். காய்க்காத அத்திமரத்துக்குத் தோட்டக்காரன் தவணை கேட்ட உவமையை முப்பது ஆண்டுகளாக மறையுரையில் விளக்கி வருகிறோம். அவன் மரத்தைச் சுற்றிக் கொத்துவதாகச் சொன்னது ஏன் என்று ஒரு நாளும் சிந்தித்ததில்லை.

முதலில் செத்த பெருங்கிளையும் காய்ந்த கொம்புகளும் அறுக்கப்பட்டன. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் கழுத்துப்பட்டை போல் ஒரு தடிப்பு இருக்கும். அதை வெட்டாமல் அதற்குச் சற்று வெளியே அறுக்க வேண்டும். வெட்டுவாயில் தார் பூசக் கிளம்பியவரை அன்பர் தடுத்தார். தாரும் வண்ணமும் அழுகலைத் தடுப்பதில்லை என்பதையும், மரம் தன் காயத்தைத் தானே உள்ளே சுவரெழுப்பி அடைத்துக்கொள்கிறது என்பதையும் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து எடுத்துக்காட்டினாராம். நமக்கு இது வியப்பாயிருந்தது. குருமடத்துத் தோட்டத்தில் நாம் தார் பூசிய மரங்கள் எத்தனை!

மேடையை இடித்தோம். அதுவே எளிது. கல் தளத்தைப் பெயர்ப்பதுதான் கடினமாயிற்று, கையால் அன்று, மனத்தால். பெயர் பொறித்த குடும்பங்களின் வீடுகளுக்கு நாமே நடந்து சென்று, பிழை நம்முடையது என்று சொல்லி இசைவு கேட்டோம். பெரும்பாலோர் உடனே இசைந்தார்கள். ஒரு குடும்பத்தார் இன்றளவும் நம்மிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

கிளை விரிவின் எல்லைவரை கல் அகன்றதும் மண்ணை அள்ளினோம். ஜேசிபி கொண்டுவரலாம் என்றவர்களை அனுப்பிவிட்டு, வெளிப்புறத்தில் மண்வெட்டியாலும், மரத்தை நெருங்க நெருங்கக் களைக்கொத்தியாலும், கடைசியில் கையாலும் தண்ணீராலும் மண் நீக்கப்பட்டது. இளைஞர் பத்துப்பேர் மூன்று சனிக்கிழமை உழைத்தார்கள். இரண்டடி ஆழத்தில் பழைய தரையும், மரத்தின் பாதமும் தெரிந்தன. புதைமண்ணில் மரம் புதிதாக விட்ட வேர்களில் ஒன்று அடிமரத்தையே பாம்பு போல் பாதிச் சுற்று சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது. அதை உளியால் இரண்டு தவணையாக வெட்டி எடுத்தார் அன்பர். கம்பியையும் தெரிந்த அளவு துண்டு துண்டாக உருவினார். பட்டை மூடிவிட்ட பகுதியைத் தோண்டாமல் விட்டார்.

பிறகு சக்கரத்தின் ஆரக்கால் போல, மரத்திலிருந்து ஐந்தடி தள்ளித் தொடங்கி வெளிநோக்கி ஆறு ஒடுங்கிய வாய்க்கால்கள், ஓரடி ஆழத்துக்கு. பெரிய வேர் குறுக்கிட்ட இடங்களில் அதை வெட்டாமல் அடியில் குடைந்தோம். மட்கிய எருவும் மணலும் சிறிது வேப்பம் பிண்ணாக்கும் கலந்து அவற்றை நிரப்பினோம். மேலே மூன்று அங்குல உயரத்துக்கு இலைச்சருகு மூடாக்கு. அதுவும் அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி. ஓர் அன்பர் ஆர்வத்தோடு ஒரு மூட்டை யூரியா கொண்டுவந்து இறக்கினார். காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கறிவிருந்து எதற்கு என்று அது அப்படியே அவருடைய வயலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. வேர் சரியில்லாத மரத்துக்கு உப்புரம் இட்டால், உள்ள நுண்வேரும் கருகும்.

நீர் விடுவதில்தான் நாம் அதிகம் தவறியிருப்போம். நாள்தோறும் இரண்டு வாளி ஊற்ற உபதேசியார் ஆயத்தமாயிருந்தார். அன்பரோ, அரையடி ஆழம் குச்சியால் கிளறி, மண் கையில் உருண்டை பிடித்தால் நீர் வேண்டாம், உதிர்ந்தால் மட்டும் ஊற்றுங்கள், ஊற்றும்போது நிறைய ஊற்றுங்கள், அடிமரத்தில் ஊற்றாமல் கிளை நுனிக்கு நேர் கீழே ஊற்றுங்கள் என்றார். அவ்வாறே பத்து நாளுக்கு ஒருமுறை நடந்தது. முற்றத்து நீர் வெளியேற, மதிலோரமாகக் கால்வாய் ஒன்று வெட்டிக் குளத்தில் சேர்த்தோம். முதலிலேயே அதைச் செய்திருந்தால் மண் கொட்டவே வேண்டியிருந்திருக்காது.

நான்கு திங்கள் ஒன்றும் நிகழவில்லை. ஆவணி கடந்தது. பேரவையில் சிலர் நாட்காட்டியைப் பார்க்கத் தொடங்கினார்கள். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்றுமுன், எஞ்சியிருந்த இலைகளும் கொட்டின. முடிந்தது என்றே நாமும் எண்ணினோம். ஒன்பதாம் நாள் காலைப் பூசைக்குப் போகும்போது, விளக்கொளியில் கொம்புகளின்மேல் செம்பச்சை நிறப் புள்ளிகள். பத்து நாளில் மரம் போர்த்திக்கொண்டது. உச்சியில் ஒரு பகுதி மட்டும் வழுக்கையாகவே இருக்கிறது, இனியும் அப்படியே இருக்கக்கூடும். மேற்குப் புறத்தில் கிளை போன இடம் ஊனம்தான். நமது மரம் முன்போல் ஆகிவிட்டது என்று எவரும் பாரிசுக்கு எழுத வேண்டாம்.

இனி அந்த மேப்பிளுக்கு. அன்பரே, மருந்துக் கடைக்குப் போகுமுன் மண்டியிட்டு மரத்தின் பாதத்தைப் பாரும். விரிவு தெரியாவிட்டால் தெரியும்வரை கையால் மண்ணை நீக்கும். அங்கே அழகுக்காக மரப்பட்டைச் சீவலை அடிமரத்தில் மலைபோல் குவிக்கும் வழக்கம் உண்டென்று கேள்விப்படுகிறோம். இருந்தால் ஒரு சாண் தள்ளி வையும். தொட்டியில் வளர்ந்து நடப்பட்ட கன்று எனில், தொட்டியின் வடிவிலேயே சுருண்ட வேர் இன்று அடியை நெரிக்கக்கூடும். இலையோரம் மட்டும் கருகுவது பெரும்பாலும் வேர் தரும் நீர் போதாமையால். அந்தச் சிறு மரத்துக்குப் பிற்பகல் வெயிலும் உலர்காற்றும் ஆகா. ஒன்றை மட்டும் கவனியும். காய்ந்த கிளையை அறுத்தால் வெட்டுவாயில் கரும்பச்சையோ பழுப்போ கோடு கோடாகத் தெரிகிறதா? தெரிந்தால் அது மண்ணிலிருந்து ஏறி நீர்க்குழாய்களை அடைக்கும் ஒருவகைப் பூஞ்சை. அதற்கு மருந்தில்லை. பட்ட கிளையை நீக்கி, கத்தியைத் துடைத்து, அளவாக நீர்விட்டுக் காத்திரும். சில மரங்கள் தாமே மீள்கின்றன, சில மீள்வதில்லை. பட்டுப்போனால் அதே இடத்தில் இன்னொரு மேப்பிளை நடாதீர்.

உம் தாயார் நலம். சென்ற பங்குனியில் நாகலிங்கத்தின் அடிமரத்தில், கம்பி இருந்த வடுவுக்கு மேலே, ஐந்தாறு காம்புகளில் பூ வந்தது. ஆயா இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். இரண்டு பிஞ்சுகள் பிடித்திருக்கின்றன. குண்டு போல் பருத்துப் பழுக்க ஓராண்டுக்கு மேலாகும். விழும் இடத்தில் பிள்ளைகள் ஓடாதபடி சுற்றிலும் கயிறு கட்டியிருக்கிறோம். நான்கு கம்பு நட்டுக் கட்டியிருக்கிறோம், மரத்தில் கட்டவில்லை.